மழைக்கு முன் ரோஸ்மேரியைக் கவனியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி முடியப்போகிறது. ரோஸ்மேரி வாங்கிச் சென்றவர்கள் மழை பிடிப்பதற்குள் படித்துவிட வேண்டும் என்றே இந்த மடலை இப்போது எழுதுகிறோம். நம் கடற்கரையில் இந்தச் செடி சித்திரை வெயிலில் சாவதைவிட ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சாவதே அதிகம்.

இதன் பூர்வீகம் மத்தியதரைக்கடல் ஓரத்துக் கல்லாங்காடுகள். அங்கே கோடை முழுக்க வறட்சி. குளிர்காலத்தில் பெய்யும் மழையும் வேரடியில் தங்காமல் வடிந்துவிடும். உப்புக்காற்றையும் ஓரளவு தாங்கும் என்பதால் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் மாடியில் வைக்கத் தோதானதுதான். வேரைச் சுற்றி ஈரம் தேங்குவதை மட்டும் தாங்காது. துளசியும் கற்பூரவள்ளியும் இதே குடும்பம் என்றாலும், துளசிக்கு தினமும் ஊற்றுகிற சொம்புத் தண்ணீரை இதற்கும் ஊற்றக் கூடாது.

அடி இலைகள் மஞ்சளாகிப் பழுப்பேறி உதிர்ந்தால், "தண்ணீர் போதவில்லை போல" என்று பலரும் இன்னும் ஊற்றுகிறார்கள். ஊற்றுமுன் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் செடி வாடினால் அது வேரழுகல். தொட்டியைக் கவிழ்த்து ஒரு வேரை நகத்தால் உருவுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரில் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும், நாற்றமும் அடிக்கும். பாதிக்கு மேல் இப்படி ஆகியிருந்தால் அந்தச் செடியைக் காப்பாற்றுவது கடினம். நுனிக் கொழுந்து பசுமையாக இருக்கும்போதே குச்சி எடுத்துப் பதியம் போட்டுவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் காய்ந்த செடி வேறு மாதிரி: இலை நுனியிலிருந்து சாம்பல் நிறமாகி, தொட்டால் நொறுங்கும். இலை விறைப்பானது என்பதால் வாட்டம் தாமதமாகவே தெரியும். ஆகவே இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள்.

மண் கலவைதான் பாதி வேலை. செம்மண் 2 பங்கு, பருமனான ஆற்றுமணல் அல்லது உடைத்த செங்கல் துண்டு 2 பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் 1 பங்கு. கண்மாய் வண்டலைச் சேர்க்க வேண்டாம். நெல்லுக்கு அது பொன், இதற்கு அது களி. கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது, அதுவும் வேண்டாம். தொட்டி 10 முதல் 12 அங்குல மண்தொட்டியாக இருக்கட்டும். அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் கூடும் என்பது தவறான நம்பிக்கை. ஜல்லிக்கு மேலுள்ள மண்ணில்தான் ஈரம் தேங்கும். ஓட்டையை மூட ஒரு ஓட்டுச்சில்லு போதும். நாற்று தேங்காய்நார்த்தூளில் வளர்ந்திருந்தால், மாற்றி நடும்போது வெளிப்புறத் தூளை விரலால் மெல்ல உதிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் அந்தத் தூள் பஞ்சாக ஈரம் பிடித்து நிற்கும், சுற்றியுள்ள மண் காய்ந்திருக்கும். வேர் வெளியே வராது.

அடுத்தது தண்ணீரின் உப்பு. வாயில் வைத்தால் கரிக்கிற போர் தண்ணீரையும் ஆர்.ஓ. கழிவுநீரையும் ஊற்றாதீர்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூப்பும், இலை நுனியில் கருகலும் உப்பின் அடையாளம். நல்ல தண்ணீரை ஓட்டை வழியாக வடிந்து ஓடும்வரை மாதம் ஒருமுறை ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். வரப்போகும் மழையில் ஒரு டிரம் பிடித்து வைத்தால் மாசி, பங்குனிக்கு உதவும்.

மழைக்காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள், ஆனால் காற்றோட்டம் இருக்கட்டும். அடியில் தட்டு வைக்காதீர்கள்; இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நெருக்கமான நடுக்கிளைகளை இப்போதே கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இலையில் சாம்பல் நோய் படியும். வெட்டும்போது இலை இருக்கும் பச்சைத் தண்டில் வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

வறட்சி தாங்குவதெல்லாம் வேர் பிடித்த பிறகுதான். புதிதாக நட்டதற்கு முதல் ஆறேழு வாரம் மேல்மண் காயும்போதெல்லாம் ஊற்ற வேண்டும். நடுவதற்குத் தை, மாசி நல்ல பருவம். சித்திரைக்குள் வேர் இறங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தின்போது பிற்பகல் நிழல் கொடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது சின்னத் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும், காலையில் கட்டாயம் பாருங்கள். மற்ற நாட்களில் ஆறு மணி நேர வெயில் வேண்டும். யூரியா வேண்டவே வேண்டாம். தண்டு சதைப்பிடித்து வளரும், வாசம் குறையும். மூன்று மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடியுங்கள்.

விதை முளைப்பது குறைவு, வளர்வதும் மெதுவு. மார்கழி, தையில் 4 முதல் 6 அங்குலக் கொழுந்துக் குச்சி எடுத்து, அடிப்பாதி இலையை உருவிவிட்டு, கழுவிய ஆற்றுமணலில் நிழலில் நடுங்கள். வேர்விட ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் ஆகும்.

முடிக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் 100 பேரை இரண்டாகப் பிரித்து, ரோஸ்மேரி எண்ணெயையும், முடி உதிர்வுக்குத் தடவும் மருந்தான 2 சதவீத மினாக்சிடிலையும் ஆறு மாதம் ஒப்பிட்டார்கள். ஆறாவது மாதத்தில் இரண்டு பிரிவிலும் முடி எண்ணிக்கை கூடியிருந்தது. சிறிய ஆய்வு அது, அதுவும் எண்ணெயை வைத்துச் செய்தது. வீட்டில் இலையைக் கொதிக்கவைத்த தண்ணீர் அதே பலன் தரும் என்று சொல்லி நாங்கள் செடி விற்பதில்லை. சமையலுக்கு நாலு இலை சேர்ப்பதில் பயமில்லை. கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருந்தளவில் கஷாயமாகக் குடிக்க வேண்டாம். எண்ணெயை யாருமே குடிக்கக் கூடாது.

செடியில் சந்தேகம் இருந்தால் இலையை மட்டும் பறித்து வராமல் தொட்டியோடு கொண்டுவாருங்கள். வேரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் நாற்றுப்பண்ணையினர்