கட்டுநாயக்காவுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளை எங்கே பதிகிறீர்கள்?

தொழில் ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வாகரையிலிருந்து ஒரு பெண் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போவதானால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். முகவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், ஒப்பந்தம் வேண்டும். அதிலும் ஓட்டைகள் ஆயிரம். ஆனாலும் அவள் பெயர் ஓரிடத்தில் இருக்கும். அதே பெண் கட்டுநாயக்கா, பியகம வர்த்தக வலயத் தொழிற்சாலைகளுக்குப் போனால்? ஊருக்குள் ஒரு வான் வரும், அடையாள அட்டைப் பிரதி வாங்குவார்கள், அன்றிரவே ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏற்றுகிறவர் யார், எந்தத் தொழிற்சாலை என்று கிராம சேவகருக்கும் தெரியாது, பெற்ற தாய்க்கும் தெரியாது.

நான் கிரான் பக்கத்து மாதர் சங்கமொன்றில் இருக்கிறேன். திரும்பி வந்த பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதே என் வேலையாகிவிட்டது. அவர்களில் பலர் தொழிற்சாலையின் நேரடி ஊழியர்கள் அல்லர். தொழிற்சாலைகளுக்குக் கூலிக்கு ஆள் அனுப்புகிற மேன்பவர் முகவரின் ஆட்கள். ஒரே லைன், ஒரே மெஷின், ஒரே டார்கெட். பக்கத்தில் இருக்கிற நிரந்தர ஊழியருக்கு நியமனக் கடிதம், வருகைப் படி, லீவு, போனஸ் எல்லாம் உண்டு. எங்கள் பிள்ளைக்கு அன்றன்றைய கூலி மட்டும். ஓடர் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போகச் சொல்வதும் அவளைத்தான்.

“மேன்பவர்தான் நல்லம் கா, காசு கையில வருது” என்று சொல்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை மறைக்க மாட்டேன். வீட்டில் கிழமைக்குக் கிழமை நுண்கடன்காரர் வந்து நிற்கும்போது மாத முடிவு மட்டும் காத்திருக்க யாரால் முடியும்? மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு லீவு தராத இடத்தில், சொல்லாமல் வந்துவிட்டு வேறு முகவரிடம் போவது லேசாகவும் இருக்கிறது. ஆனால் அந்த லேசுக்குக் கொடுக்கிற விலை அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டுக்குரியது. தற்காலிக, நாட்கூலி வேலையாளுக்கும் அது பொருந்தும். சம்பளத்தில் முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம். மாதம் 30,000 ரூபா உழைக்கிற பிள்ளைக்கு மூன்று வருடத்தில் சேமலாப நிதியில் மட்டும், வட்டி இல்லாமல், 216,000 ரூபா சேர்ந்திருக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களிடம் “அங்கத்துவ இலக்கம் என்ன மகள்?” என்று கேட்டால் முழிக்கிறார்கள். சிலருக்குக் கூலியில் காசு வெட்டியும் இருக்கிறார்கள். அது எங்கே போனது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இருக்கிற துண்டும் சிங்களத்தில். பணிக்கொடைக்கு ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தொழிற்சாலை என்று மாற்றி மாற்றி அனுப்பப்படுகிறவள் அந்த ஐந்தை எந்தக் காலத்தில் எட்டுவது?

முதலாளி யார் என்று கேட்டால் தொழிற்சாலை முகவரைக் காட்டும், முகவரின் தொலைபேசி வேலை செய்யாது. சட்டம் இல்லாத குறை அல்ல இது. பிள்ளையின் பெயரும் வேலை கொடுத்தவரின் பெயரும் ஒரே கடதாசியில் எழுதப்படாததே குறை.

ஆகவே கேட்கிறோம். ஊருக்கு வந்து ஆள் சேர்க்கும் எவரும் முதலில் பிரதேச செயலகத்தில் தன்னையும், கூட்டிப் போகிற பிள்ளைகளையும், போகிற தொழிற்சாலையையும் பதியட்டும். வான் ஏறுவதற்கு முன்பே தமிழில் நியமனக் கடிதம் கையில் கொடுபடட்டும். முகவர் சேமலாப நிதிக் காசைக் கட்டாவிட்டால் வேலை வாங்கிய தொழிற்சாலையே கட்ட வேண்டும் என்று விதியுங்கள். இந்த மூன்றாவதுக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது இல்லாமல் முதல் இரண்டும் வெறும் கடதாசி.

இன்னொன்று. முறைப்பாட்டை மட்டக்களப்பு, கல்முனை தொழில் அலுவலகங்களில் தமிழில் ஏற்று, கோப்பை நீங்களே நீர்கொழும்பு தொழில் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நிலுவைக் காசு கேட்பதற்கு அவள் இரவு பஸ் ஏறிப் போனால், அந்தப் பயணச் செலவுக்கும் கடன்தான் வாங்க வேண்டும்.

பெரும்போக அறுவடை முடிந்து வயல் வேலை நின்றதும் வான்கள் திரும்ப வரும். அதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம், தமிழில்.

இப்படிக்கு,
மாதர் சங்க உறுப்பினர் ஒருவர்,
கிரான், மட்டக்களப்பு