மலையேறாத நடைக்குத் துணை வந்தவர்களுக்கு

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பினாங்கின் பெருநிலப் பக்கமான செபராங் பிறைக் கடலோரத்தில் குடும்பம் குடும்பமாக நாம் போன நடைகள் நல்லபடியாக முடிந்துவிட்டன. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, எந்தப் பிள்ளையும் தொலைந்து போகவில்லை, சேறு விழுங்கிய ஒற்றைச் செருப்பைத் தவிர நஷ்டம் ஏதுமில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு கும்பிடு போட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நமக்கு உதவியவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவிலேயே இல்லை. சிலருக்குத் தமிழே தெரியாது. அவர்களுக்கு நேரில் சொல்லியாகிவிட்டது. யார் யார் என்ன செய்தார்கள் என்று நம் ஆட்களும் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

பினாங்கில் நமக்கு நடை என்றாலே ஏறுவதுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். கொடிமலை உச்சி 833 மீட்டர். தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவில்கூட காட்டுப் பாதை ஏறி இறங்கித்தான் போகும். முழங்கால் தேய்ந்தவர்களும் தள்ளுவண்டிக் குழந்தையுள்ள தாய்மார்களும் கீழே நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். என் மாமியார் இப்படிப் பல வருடமாக எல்லாச் சுற்றுலாவிலும் பைகளுக்குக் காவல் இருந்தவர். இந்தத் தடவை அத்தை நடக்கக்கூடிய இடத்துக்குத்தான் போவது, அவரால் முடிந்தால் எல்லாராலும் முடியும் என்று முடிவு செய்தோம். அப்படிப் பார்த்தால் தீவை விட்டுக் கடல் தாண்டி இந்தப் பக்கம் வரவேண்டியதுதான். தெலுக் ஆயேர் தாவாரிலிருந்து வடக்கே கெடா எல்லையில் மூடா ஆறு கடலில் சேரும் கோல மூடா வரை தரை அப்படித் தட்டையாகக் கிடக்கிறது. பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர்களே அங்கே மீன் வாங்கப் போயிருப்பார்களே தவிர நடக்கப் போனதில்லை.

முதல் நன்றி பெனாகா கம்பத்து (கிராமத்து) பாக்சிக்குக்கு, அதாவது அந்த மலாய்ப் பெரியவருக்கு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கடற்கரையிலிருந்து எந்த வழியாக உள்ளே வருவது என்று கேட்கத்தான் போனோம். தேநீர் கொடுத்து உட்கார வைத்து ஒரு பாடமே நடத்திவிட்டார். அந்தப் பக்கம் நிலம் முழுக்கக் கரைக்கு இணையாக நீள நீளமான மணல்மேடுகள் ஓடுகின்றன. பெர்மாத்தாங் என்பது அவைதான். 5,000, 6,000 வருடங்களுக்கு முன்னால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது. அது இறங்க இறங்க, ஒவ்வொரு காலத்துக் கரையும் ஒரு மேடாக நின்றுபோனது. மேட்டின் மேல் வீடு, தென்னை, பள்ளிவாசல், சாலை. இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ள தாழ்வில் நெல்வயல். மேடு என்ற பேர்தானே ஒழிய ஏறுகிறோம் என்றே தெரியாது, அத்தைக்கும் தெரியவில்லை. ஆனால் கால் நனையாது, நிழலும் கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் மணல் கரையை முடித்துக்கொண்டு இந்த மேட்டுச் சாலைகளுக்கு வந்துவிடுங்கள் என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் பிள்ளைகளைச் சோர்வில்லாமல் கொண்டுவந்து சேர்த்தது.

குவார் கெப்பா பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அவர்தான். கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் அது. அங்கே கற்கால மனிதர்கள் தின்றுபோட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்திருந்ததை வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2017இல் அங்கே கட்டட வேலைக்குத் தோண்டும்போது 5,000 வருடங்களுக்கு மேல் பழைய ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ‘பினாங்குப் பெண்’ என்று பத்திரிகைகளில் வந்ததே, அவர்தான். “அவங்களும் சம்பல் வெச்சுத்தான் சிப்பி சாப்பிட்டாங்களா?” என்று நம் கூட்டத்துப் பையன் ஒருவன் மலாயில் கேட்டான். சம்பல் அரைக்கும் மிளகாய் நம் நாட்டுக்கு வந்து சில நூறு வருடம்தான் ஆகிறது என்று பாக்சிக் நிதானமாக விளக்கினார். பையனுக்கு அந்தப் பெண்ணின் மேல் ரொம்பப் பரிதாபமாகிவிட்டது.

அடுத்து, பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட சீன ஆன்ட்டி. பறவை பார்ப்பவர். அவர் இல்லாவிட்டால் அந்தக் கரையைச் சும்மா சேறு என்று நினைத்துத் திரும்பியிருப்போம். தெலுக் ஆயேர் தாவார் முதல் கோல மூடா வரையுள்ள அந்தச் சேற்றுவெளி, சைபீரியப் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா வரை போய்வரும் கரைப்பறவைகள் இறங்கி இரை எடுக்கும் இடம். உலக அளவில் முக்கியமான பறவை வாழிடங்களின் பட்டியலில் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூட்டம் அதிகம். ஆன்ட்டி சொல்லிக்கொடுத்த சூட்சுமம் இது: தண்ணீர் முழுக்க வற்றிய நேரத்தில் போனால் பறவைகள் எங்கோ தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும். நீர் ஏறத் தொடங்கியபின் போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். சேறு மூழ்க மூழ்க, கடலே அவற்றை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நீர் ஏறும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அத்தைக்கு இது உடனே பிடிபட்டது. பஞ்சாங்கத்தைப் பார்த்து அடுத்த நடைக்கு நாள் குறித்தவர் அவர்தான்.

அன்று ஆன்ட்டி தன் தொலைநோக்கியை முக்காலியில் வைத்து, பிள்ளைகள் உயரத்துக்கு இறக்கி, வரிசையில் நிற்கச் சொன்னார். உள்ளான்கள், கொக்குகள், கீழ்நோக்கி வளைந்த அலகை வேர் வரைக்கும் சேற்றில் விட்டு நண்டை இழுக்கும் ஒரு பெரிய பறவை. அதன் அலகில் மாட்டிய நண்டு காலை ஆட்டியது வரை தெரிந்தது. வரிசையில் பெரியவர்கள்தான் முண்டியடித்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். நாலைந்து பிள்ளைகள் தொலைநோக்கியை விட்டுவிட்டுக் கரைத் திட்டில் குப்புறப் படுத்து, கீழே சேற்றில் துள்ளும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்பார்களே, அந்த மீன். முதுகுத் துடுப்பை விசிறியாய் விரித்து ஒன்றோடொன்று சண்டை போடும். பக்கத்திலேயே ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள், அந்தக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டு. அரை மணி நேரம் ஒருத்தரும் கைப்பேசி கேட்கவில்லை. தலைக்கு மேலே பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானம் காதைக் கிழித்துக்கொண்டு போனபோது மட்டும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். பறவைகள் அதையும் கண்டுகொள்ளவில்லை, பழகிவிட்டது போல.

கோல மூடா கரையில் மீன் ஏலம் விடும் அண்ணன்மார்களுக்கும் நன்றி. அங்கே பாசார் பீசேக் என்ற சந்தை இருப்பது பலருக்குத் தெரியும். யாரும் விலையைக் கத்திச் சொல்வதில்லை. வாங்க வருபவர் ஏலக்காரரின் காதில் கிசுகிசுப்பார், எல்லார் விலையையும் கேட்டபின் ஏலக்காரர் மீன் யாருக்கு என்று சொல்வார். வியாபார நேரத்தில் இத்தனை பிள்ளைகள் காலுக்கடியில் ஓடினால் எரிச்சல் வரும்தான். அவர்களோ ஒரு கூடைக் காணாங்கெளுத்தியை ஓரமாக வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக வந்து காதில் விலை சொல்லச் சொன்னார்கள். ஜெயித்த பெண்பிள்ளை சொன்ன விலை என்ன என்பது இன்றுவரை அவளுக்கும் அந்த அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். மீன் நம் வீட்டுக் குழம்புக்கு வந்தது.

சரி, வண்டி விஷயம். முன்பணம் வாங்கிய ஒரு வாடகை வேன்காரர் காலை ஆறரை மணிக்கு ‘இன்று முடியாது’ என்று குறுஞ்செய்தி அனுப்பினார். அதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது. நம் தாமானில் (குடியிருப்பில்) பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் லுங்கியோடு இறங்கி வந்து, “ஏறுங்க, பேசிக்கிட்டே போவோம்” என்றார். விடுமுறையில் அவருக்குக் கிடைக்கும் ஓய்வே அதுதான். பெட்ரோல் காசு கொடுக்கப் போனால் திட்டினார். அண்ணி, உங்களிடமும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த விடுமுறைக் காலைகளை எங்களுக்குக் கொடுத்தது நீங்களும்தானே.

சக்கர நாற்காலி கொடுத்த எதிர்வீட்டு அம்மாவுக்கு நன்றி. அத்தை பாதித் தூரம் நடந்து பாதித் தூரம் அதில் வந்தார். வயல் வாய்க்கால் ஓரச் சாலை தார் போட்டது, சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மதகுக்குப் பக்கத்தில் பாதை இடிந்திருந்தது. உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகளோடு நின்ற இரண்டு மலாய்ப் பையன்கள் எதுவும் கேட்காமல் ஒரு கனமான பலகையைத் தூக்கிவந்து போட்டு, ஒருவன் பலகையை மிதித்துப் பிடிக்க, இன்னொருவன் நாற்காலியைத் தள்ளினான். அத்தை தன் மலாயில் இரண்டு நிமிடம் வாழ்த்தினார். அந்தப் பையன்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது; சிரித்தார்கள்.

அப்புறம், கழிப்பறை. குடும்பத்தோடு வெளியே போனவர்களுக்குத் தெரியும், எல்லாத் திட்டமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். கம்பத்து சூராவ் (சிறிய தொழுகைக் கூடம்) நிர்வாகத்தார் கழிப்பறையைத் திறந்துவிட்டது மட்டுமல்ல, சேறு அப்பிய பிள்ளைகள் கால் கழுவ வெளிக் குழாயில் ரப்பர் குழாயையும் மாட்டிக் கொடுத்தார்கள். கழுவியபின் தரையைத் தேய்த்துவிட்டு வந்த நம் இளைஞர்களுக்கும் ஒரு சபாஷ்.

அகாஸ் பூச்சி கடித்துத் தடித்த கால்களுக்கெல்லாம் மருந்து போட்ட தாதி தங்கைக்கு நன்றி. விடியற்காலை எழுந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டிய சகோதரிகளுக்கு நன்றி. நெத்திலியை எடுத்துவிட்டுச் சைவப் பொட்டலத்துக்கு வாழையிலையில் நூல் கட்டி அடையாளம் வைத்தது யாரோ, அவருக்குத் தனியாக. சவுக்கு மரத்தடியில் குப்பை பொறுக்கிய பிள்ளைகளுக்கும். நாம் போட்ட குப்பை இல்லை அது. இருந்தாலும் பொறுக்கினார்கள். கடற்கரைக்கு மீன் சுட்டுத் தின்ன வருகிறவர்கள் பிளாஸ்டிக் தட்டையும் திரும்பக் கொண்டுபோனால் நன்றாக இருக்கும்.

அடுத்தது எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆயேர் ஹீத்தாம் டாலாம் காட்டில் பலகைப் பாதை இருக்கிறது. கடல் இல்லை, ஆற்றோரச் சதுப்பு. நிழல் அதிகம், கொசுவும் அதிகம். தீவில் இருப்பவர்கள் பாலிக் புலாவ் பக்கம் சுங்கை பூரோங் வயல்வெளியைச் சொல்கிறார்கள், அதுவும் தட்டைதான். ஆனால் அத்தை மறுபடி பெனாகாவுக்கே என்கிறார். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும்போது பார்க்க வேண்டுமாம். நாள் குறித்ததும் சொல்கிறேன். தொப்பி, தண்ணீர், கழுவக்கூடிய செருப்பு, அவ்வளவு போதும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி பத்துக்குள் திரும்பிவிடுவோம்.

நீல மூடி போட்ட பெரிய டப்பா ஒன்றும் ‘கவிதா’ என்று எழுதிய தண்ணீர்ப் புட்டி ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. நம் குழுவில் கவிதாக்கள் மூன்று பேர் இருப்பதால் யாருடையது என்று தெரியவில்லை. மாலை ஆறுக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நடைக் குழுவின் சார்பில், பட்டர்வொர்த்திலிருந்து