மழையில் ஹோட்டன் சமவெளிக்குத் தனியாகப் போகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மழை என்று தெரிந்தும் மலைநாட்டு ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குத் தனியாகப் போகப் போவதாக எழுதியிருந்தாய். தடுக்கப் போவதில்லை. அங்கே 'உலக முடிவு' என்று பெயருள்ள செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் கவனம் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தில் மழை நாளில் ஆளை முதலில் பிடிப்பது குளிர். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 0.65 பாகை குறையும். சமவெளி இருப்பது 2,100 மீட்டருக்கு மேல். கொழும்பில் 28 பாகை என்றால் அங்கே 14. காலை ஆறு மணிக்கு அதைவிடக் குறைவு. அதோடு நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் 14 பாகையிலேயே உடல் தளர்ந்துவிடும். பருத்தி தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். ஆகவே ஜீன்ஸும் பருத்தி டீ-சேர்ட்டும் வேண்டாம். விளையாட்டுக்குப் போடும் பொலியெஸ்டர் சேர்ட், அதன் மேல் மெல்லிய கம்பளிச் சுவெட்டர், அதற்கு மேல் தொப்பியுள்ள மழைக்கோட்டு. குடையை விட்டுவிடு, திறந்த புல்வெளிக் காற்றில் அது இரண்டு நிமிடம் தாங்காது.

பையை அடுக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரிப்பார்கள். நல்ல விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாற்றுடுப்பை ஷொப்பிங் பேக்கில் கட்டி வந்தவன் அங்கே விழிப்பான். பிஸ்கட்டை உறையிலிருந்து கடதாசிப் பைக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும். வீட்டிலேயே இறுக்கமான மூடியுள்ள இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொள். ஒன்றில் சாப்பாடு, மற்றதில் உலர்ந்த பனியன், இரண்டு சோடிக் காலுறை, டோர்ச். பிளாஸ்கில் சீனி கூடப் போட்ட இஞ்சித் தேத்தண்ணி. கைபேசி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது. எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. ஆகையால் புறப்படும் முன்பே உன்னை ஏற்றிவரும் வான் சாரதியிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லி, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாண்டினால் பூங்கா அலுவலகத்தில் அறிவிக்கச் சொல்.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். வெயிலில் மூன்று மணி நேரம் போதும், மழையில் நாலரை வைத்துக்கொள். சிறிய உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையில்தான் பலரும் சுற்றுவார்கள், மூட்டம் மூடுமுன் காட்சியைப் பிடிப்பதற்காக. விடிந்ததிலிருந்தே மழை என்றால் பிடிப்பதற்குக் காட்சி இல்லை, அவசரமும் இல்லை. ஆனாலும் அதே வரிசையில் போ. எதிரே வருகிறவர்கள் குறைவு. காற்று மிகவும் மோசமான விளிம்பையும் உடம்பில் தெம்பு இருக்கும்போதே கடந்துவிடலாம்.

பாதை பல இடங்களில் தேய்ந்து கால்வாய் போல் ஆழ்ந்திருக்கும், மழைத் தண்ணீர் அதற்குள்ளேதான் ஓடும். நனையாமல் நடக்க எண்ணிக் கரையோரப் புல்லில் ஏறாதே. புல் அழியும், பாதை இன்னும் அகலும், அடியில் குழி இருந்தால் கணுக்காலும் போகும். தண்ணீருக்குள்ளேயே, சரளைக்கல் தெரியும் இடத்தில் காலை வை. காட்டுப் பகுதியில் வேரின் மேல் மட்டும் மிதிக்காதே. பட்டை கழன்ற ஈர வேர் சவர்க்காரம் மாதிரி.

உலக முடிவில் சுமார் 870 மீட்டர் பள்ளம். மழை நாளில் உனக்குத் தெரியப்போவது வெள்ளைச் சுவர்தான். மூட்டம் திடீரென விலகி ஐந்து நிமிடத்தில் மறுபடி மூடிக்கொள்ளும், அந்த ஆசையில்தான் ஆட்கள் முக்கால் மணி நேரம் நனைந்தபடி நிற்கிறார்கள். நடக்கும்போது உடம்பு உண்டாக்கிய சூடு முழுவதும் அங்கே போய்விடும். பதினைந்து நிமிடம், அதற்கு மேல் நிற்காதே. விளிம்புப் புல் வெளியே தொங்கி, அடியில் மண் இல்லாமல் இருக்கலாம். இரண்டு ஆள் நீளம் தள்ளியே நில்.

தனியாகப் போகிறவனுக்கு 'உனக்கு நடுங்குகிறதே' என்று சொல்ல ஆளில்லை. அரை மணிக்கு ஒருமுறை பெருவிரலால் சின்னவிரல் நுனியைத் தொட்டுப் பார். தொட முடியவில்லை, கோட்டின் ஸிப்பை இழுக்க வரவில்லை, சமதரையில் கால் இடறுகிறது என்றால் குளிர் உள்ளே இறங்கிவிட்டது. காற்றில்லாத மரங்களின் பக்கம் ஒதுங்கி, ஈரப் பனியனைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, தேத்தண்ணி குடித்து, குறைந்த தூரமுள்ள பக்கமாகத் திரும்பு. நடுக்கம் தானாக நின்றும் உடம்பில் சூடு ஏறவில்லை, தூக்கம் வருகிறது என்றால் அது தேறியதன் அடையாளம் அல்ல. அப்போது காணும் முதல் ஆளிடம் உதவி கேள்.

இடி ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பெரும்பாலும் பிற்பகலில் வரும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் முப்பது எண்ணுமுன் சத்தம் கேட்டால் புல்வெளியில் இறங்காதே. அங்கே உயரமான பொருள் நீதான். தனிமரத்தின் கீழும் நிற்காமல், ஒரே உயரமாக அடர்ந்த காட்டுக்குள் இரு. கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி நேரம் கழித்து நட.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழி செங்குத்து. பக்கவாட்டாகத் திரும்பி இறங்கு, அருவித் தண்ணீரில் கால் வைக்காதே. கிரிகல்பொத்தை மலையில் ஏறும் எண்ணத்தை வெயில் நாளுக்குத் தள்ளிவை. மழையில் புல் மூடிய அந்தத் தடத்தைத் தனியாளாகத் தேடுவது வீண் வேலை.

முடித்து வந்ததும் வான் வண்டியில் ஏறி உட்காருமுன் காலுறையை மாற்று. வாகனத் தரிப்பிடத்தில் மரை மான்கள் பிஸ்கட் டப்பாவை மோப்பம் பிடித்துக்கொண்டு கிட்ட வரும். ஒன்றும் கொடுக்காதே, மூடியை இறுக்கிவை.

அன்புடன்,
அண்ணன்