மலேரியா மருந்தும் இதய மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் காய்ச்சல்கள் பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் மலேரியா பகுதியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மலேரியா மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

மலேரியா மருந்துகளான குளோரோகுயின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், குயினைன் மூன்றுமே இதயத்தின் மின்துடிப்பைப் பாதிக்கக்கூடியவை. சிங்கோனா பட்டையில் குயினைனோடு சேர்ந்தே கிடைக்கும் குயினிடின், தாறுமாறான இதயத் துடிப்புக்கே மருந்தாக இருந்தது. ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரத்தை இவை நீட்டிவிடும். ஈ.சி.ஜி.யில் அதை க்யூ.டி. இடைவெளி என்பார்கள். துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன், சோட்டலால் போன்ற இதய மாத்திரைகளும் அதையேதான் செய்கின்றன. இரண்டும் சேரும்போது துடிப்பு கட்டுக்கடங்காமல் போய் ஆள் மயங்கி விழலாம், உயிரே போகலாம். நீர் பிரிய ஃப்ரூசமைடு எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்திருக்க வாய்ப்புண்டு. காய்ச்சலில் வாந்தியும் வந்தால் அது இன்னும் இறங்கி ஆபத்தைக் கூட்டும். இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் டிகாக்சின் மாத்திரையின் கதை வேறு. குயினைனோ ஹைட்ராக்ஸிகுளோரோகுயினோ சேர்ந்தால் ரத்தத்தில் டிகாக்சின் அளவு ஏறலாம். அதனால் வரும் குமட்டலைக் காய்ச்சல் குமட்டல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை மக்கள் தேடி அலைந்தது நினைவிருக்கும். மத்திய அரசு அந்த மாதமே அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மார்ச் 28 அன்று அவசர அனுமதி கொடுத்தது, ஏப்ரல் 24 அன்று இதயத் துடிப்புக் கோளாறு பற்றி எச்சரித்தது, ஜூன் 15 அன்று அனுமதியையே திரும்பப் பெற்றது. அந்தப் பரபரப்பு அடங்கியதும் எச்சரிக்கையும் மறந்துபோனது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். மருந்து எங்கேயும் போய்விடவில்லை. மூட்டுவாதத்துக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் இன்றும் கொடுக்கிறார்கள், நம் நாட்டில் சர்க்கரை நோய்க்கும் சிலருக்கு எழுதுகிறார்கள். தான் சாப்பிடுவது மலேரியா மருந்து என்றே பலருக்குத் தெரியாது. நிறுத்திய பிறகும் பல வாரங்கள் அது உடம்பில் தங்கும் என்பது அதைவிடத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் மலேரியா சிகிச்சையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மலேரியாவே உயிரைக் குடிக்கும். இதய மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு. டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து தரலாம், ஈ.சி.ஜி.யும் பொட்டாசியமும் பார்த்தபடி கொடுக்கலாம். வேலைக்காக ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் தடுப்பு மாத்திரை வாங்கும்போதும் இதயக் கோளாறு இருந்தால் சொல்ல வேண்டும். குறிப்பாக மெஃப்ளோகுயின் என்ற தடுப்பு மாத்திரை, இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

காய்ச்சல் முகாம்களில் தரும் சீட்டில் "இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, என்ன மாத்திரை?" என்று ஒரு வரி சேர்க்கச் சுகாதாரத் துறையை உங்கள் பத்திரிகை வலியுறுத்த வேண்டும். மெடிக்கல் கடைக்காரர்களும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு மாத்திரையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
ராமநாதபுரம்