கல்லூரி நிர்வாகிகளுக்கு: சோதனைப் பட்டையில் தெரியும் ஒரு கோட்டை நம்பி டிசி கிழிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி நிர்வாகிகளுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். உங்களில் சிலர் சேர்க்கைப் படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நிர்வாகம் எப்போது கேட்டாலும் மாணவர் போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் தர வேண்டும், "பாசிட்டிவ்" என்று வந்தால் கல்லூரி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன், கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குத் தகப்பனும்கூட. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பதினெட்டு வயதில் தினமும் கஞ்சா புகைக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய சண்டை எதுவும் கிடையாது. படித்தது மனதில் தங்காது, கவனம் நிற்காது. பழகியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார். பள்ளி வயதிலேயே தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். சுவீடனில் ராணுவப் பணிக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1987-இல் வெளியான ஆய்வு, அதிகமாகப் புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு கஞ்சாவைத் தொடாதவர்களைவிட ஆறு மடங்கு என்றது. அந்த இளைஞர்கள் புகைத்தது பழைய காலத்துச் சரக்கு. இப்போது 'ஓஜி' என்று விற்கிறார்களே, அதில் போதை தரும் டிஎச்சி பல மடங்கு கூடுதல். நெடுநாள் புகைத்த சிலருக்கு அடக்க முடியாத வாந்தி வரும், வெந்நீரில் நின்றால்தான் கொஞ்சம் அடங்கும். வயிற்றுக்கோளாறு என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கஞ்சாவா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு நீங்கள் பிடித்திருக்கும் கருவிதான் தப்பு.

சிறுநீர்ச் சோதனை கஞ்சாவைத் தேடுவதில்லை, போதையையும் அளப்பதில்லை. டிஎச்சியை ஈரல் உடைத்த பிறகு மிஞ்சும் ஒரு கழிவைத் தேடுகிறது. டிஎச்சி கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும் சமாச்சாரம். ஒரே ஒரு தடவை இழுத்தவனுக்கு மூன்று நாளில் மறைந்துவிடலாம். தினமும் இழுத்தவன் விட்டு ஒரு மாதம் ஆன பிறகும் பாசிட்டிவ் வரலாம். அதாவது, பயந்தோ திருந்தியோ நிறுத்திவிட்ட பையன் மாட்டிக்கொள்வான். நேற்று ராத்திரி மூக்கு முட்டக் குடித்தவன் காலையில் அதே சோதனைக் கிட்டில் சுத்தமானவனாக வெளியே வருவான்.

ஹோலிக்கு ஊருக்குப் போய், கஞ்சா இலையை அரைத்துக் கலக்கும் பாங் குடித்துவிட்டு வரும் வடமாநில மாணவரையும் நினைத்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பாங் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே கிடைக்கும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூ, காய் நுனிகளை. தனி இலையை அல்ல. சட்டம் பார்க்கும் இந்த வித்தியாசம் கிட்டுக்குத் தெரியாது.

கிட் என்றதும் இன்னொன்று. வீட்டில் கர்ப்பப் பரிசோதனை செய்யும் பட்டையில் இரண்டாவது கோடு விழுந்தால் பாசிட்டிவ். போதைப்பொருள் பட்டையில் அப்படியே தலைகீழ். கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால்தான் பாசிட்டிவ். மங்கலாகத் தெரிந்தாலும் அது நெகட்டிவ்தான். இதைச் சொல்லிக் கொடுக்காமல் ஹாஸ்டல் வார்டன் கையில் ஒரு பெட்டி கிட்டைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பயிற்சி எடுத்தவர்களே மங்கல் கோட்டைப் பார்த்துத் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

சரி, பயிற்சி கொடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கல்லூரியில் 3,000 பேர், அவர்களில் 150 பேர் கஞ்சா பழக்கம் உள்ளவர்கள். கிட் இரண்டு பக்கமும் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று கொள்வோம், நல்ல மதிப்பெண்தானே? பழக்கம் உள்ள 150 பேரில் 142 பேரைப் பிடிக்கும். தொடாத 2,850 பேரில் ஐந்து சதவீதம், அதாவது இன்னொரு 142 பேரையும் பிடிக்கும். உங்கள் அறைக்கு வெளியே நிற்கும் வரிசையில் பாதிப்பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். கிட்டின் தரம் கூடினால் இந்த எண்ணிக்கை குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. வயிற்றெரிச்சலுக்கு நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பான்டோபிரசோல் மாத்திரைகூட சில கிட்டுகளில் கஞ்சா பாசிட்டிவ் காட்டியதாகப் பதிவு இருக்கிறது.

இதனால்தான் அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கான விதிகளில் இரண்டு படி வைத்திருக்கிறது. முதல் சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்ற அளவைத் தொட்டால், அதே மாதிரியை, மூலக்கூறின் எடையை வைத்து இன்ன பொருள்தான் என்று உறுதிசெய்யும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் திரும்பச் சோதிப்பார்கள். அங்கே 15 நானோகிராமுக்குக் குறையாமல் இருந்தால்தான் பாசிட்டிவ். அதற்குப் பிறகும், வேறு காரணம் உண்டா என்று ஒரு மருத்துவர் அந்த நபரிடம் பேசுவார். நீங்கள் முதல் படியிலேயே தீர்ப்பு எழுதப் போகிறீர்கள்.

மாதிரி எடுப்பதும் லேசான வேலை இல்லை. தண்ணீர் கலப்பார்கள், நண்பனுடையதைக் கொண்டுவருவார்கள். அதைத் தடுக்க, வாங்கிய நான்கு நிமிடத்துக்குள் சிறுநீரின் சூடு பார்க்க வேண்டும், தண்ணீர் கலந்தால் குறைந்துவிடும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் ஆளை நிறுத்த வேண்டும். உங்கள் மாணவிகளின் கழிப்பறைக்குள் யாரை நிறுத்தப் போகிறீர்கள்?

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. கஞ்சா ஒரு மாதம் வரை காட்டிக்கொடுக்கும் என்பது விடுதிகளில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சோதனை வருகிறது என்றால் சிலர் விட மாட்டார்கள், மாற்றிக்கொள்வார்கள். எதற்கு மாறுவார்கள்? நம் ஊர்களில் டாபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வழக்கமான கிட்டில் இருக்கும் ஓபியேட் சோதனை மார்ஃபின் வகையைத் தேடுவது. டாபென்டடால் அதில் சிக்காது. பொட்டலத்தைப் பிடிக்கப் போய் ஊசியின் பக்கம் தள்ளிவிடக் கூடாது. சோதனையால் பழக்கம் குறையும் என்பதற்காவது ஆதாரம் உண்டா? அமெரிக்காவில் சோதனை நடத்திய பள்ளிகளையும் நடத்தாத பள்ளிகளையும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் ஒப்பிட்டார்கள். மாணவர்களின் போதைப் பழக்கத்தில் வேறுபாடு தெரியவில்லை.

அப்புறம், பாசிட்டிவ் என்று எழுதிய காகிதம் உங்கள் அலமாரியில் கிடக்கும். போதைப்பொருள் உட்கொள்வதே, முன்பு சொன்ன 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி குற்றம். கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் காகிதம் கைமாறினால் ஒரு பையனின் பாஸ்போர்ட், வேலை எல்லாம் அதோடு போகும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் இப்படிப்பட்ட வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பிள்ளைக்கு நாட்டின் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவை டிசி கொடுத்து நீங்கள் அடைக்கிறீர்கள். படிப்பும் விடுதியும் போன பையன் அடுத்த நாள் எங்கே போய் நிற்பான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தும் சோதனையை விட்டுவிடுங்கள். வகுப்புக்கு வராமல், தூக்கம் கெட்டு, தனக்குள் பேசிக்கொண்டு திரியும் மாணவரை ஆசிரியர்கள் முதலில் கவனிப்பார்கள். அவரை மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். சிகிச்சைக்குச் சோதனை வேண்டுமென்றால் அந்த மருத்துவர் மாணவரின் சம்மதத்தோடு செய்துகொள்வார், முடிவும் அவரிடமே இருக்கும். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த இரண்டு எண்களும் விடுதி அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

இல்லை, சோதனை நடத்தியே தீருவோம் என்றால் படிவத்தில் நான்கு விஷயங்களை எழுத்தில் கொடுங்கள்: யார் உத்தரவிட்டால் சோதனை, உறுதிசெய்யும் இரண்டாவது சோதனையை எந்தக் கூடம் செய்யும், முடிவை யார் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அதை அழிப்பீர்கள். இதற்குப் பதில் வரும்வரை அந்த வரிக்குக் கீழே என் பிள்ளை கையெழுத்துப் போட நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு வயது ஆகிவிட்டது, முடிவு பிள்ளையுடையது. என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு பரிசோதனைக் கூட ஊழியர்