தொழிற்சாலை எஞ்சின் என்று அச்சிடுமுன்: மசில் கார் ஏல நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய, வலுவான எஞ்சின் பொருத்திய பழைய அமெரிக்கக் கார்களான மசில் கார்களை ஏலத்தில் விடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றின் விற்பனைப் பட்டியல்களை எழுதுவோருக்கும் வணக்கம்.

தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட அரிய எஞ்சின் கொண்டது என்று ஒரு காரை நீங்கள் அறிவிக்கும்போது, அதற்கு எந்தச் சான்று கையில் இருக்கிறது, எது இல்லை என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். ஒரே ஆண்டில், ஒரே கூடத்தில், ஒரே உடலமைப்போடு வெளிவந்த இரண்டு கார்களின் விலை எஞ்சினை வைத்து மட்டுமே பல மடங்கு வேறுபடுகிறது. அப்படியிருக்க, முந்தைய உரிமையாளர் சொன்னதையும், அவருக்கு முந்தையவர் சொன்னதாக அவர் சொன்னதையும் அடுக்கி ஒரு பத்தியை நிரப்பிவிடுவது முறையாகாது.

எல்லா நிறுவனத்துக் கார்களிலும் இந்தச் சிக்கல் ஒரே அளவில் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். கிரைஸ்லரின் 1970, 1971 கார்களில் அடையாள எண்ணின் ஐந்தாவது இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அதில் இருப்பது 426 ஹெமி என்ற எஞ்சின் (இத்தகைய எண்கள் எஞ்சினின் கன அங்குல அளவு). ஃபோர்டின் 1969 மஸ்டாங்கில் அதே இடத்தில் இசட் இருந்தால் பாஸ் 429 எஞ்சின். போண்டியாக் ஒவ்வொரு காருக்கும் எழுதிய பழைய விலைச்சீட்டு ஆவணங்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஃபோர்டின் 1967 முதலான உற்பத்தித் தரவுகளிலிருந்து தனித்தனிக் காருக்கு அறிக்கை பெறலாம். செவ்ரலேயில்தான் பள்ளம். 1972-க்கு முன்புவரை அதன் அடையாள எண் எஞ்சின் ஆறு சிலிண்டரா, வி8-ஆ என்பதைத்தான் சொல்லும். எந்த வி8 என்று சொல்லாது. அமெரிக்காவில் விற்ற கார்களுக்குத் தனித்தனியே எஞ்சின் விவரம் தரும் தொழிற்சாலைப் பதிவேடும் இல்லை. முதலில் கனடாவில் விற்கப்பட்ட கார் என்றால் மட்டும் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் அந்நாட்டுக் கிளை வைத்திருக்கும் ஆவணங்கள் கைகொடுக்கும். அரிய எஞ்சின் பற்றிய வதந்திகளில் செவ்ரலே கார்கள் இவ்வளவு அடிபடுவதற்கு இந்தப் பள்ளமே பெருங்காரணம்.

செவ்ரலேயின் 454 கன அங்குல எல்.எஸ்.7 எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அது 1970-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டு, அச்சிட்ட விவரங்களிலும் இடம்பெற்றது. ஆனால், வாடிக்கையாளருக்கு விற்கும் கார்களில் அது பொருத்தப்படவில்லை. பின்னர் விற்பனையகங்களின் உதிரிபாகப் பிரிவில் தனி எஞ்சினாகப் பல ஆண்டுகள் விற்றது. ஆகவே இன்று ஒருவர் செவ்ரலேயின் செவல் என்ற காரின் பானெட்டைத் திறந்து உண்மையான ஜெனரல் மோட்டார்ஸ் எல்.எஸ்.7 எஞ்சினைக் காட்ட முடியும், பழைய அச்சுத் தாளையும் காட்ட முடியும், இரண்டும் போலியல்ல. அந்த எஞ்சின் அந்தக் காரோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்பதற்கு மட்டும் இரண்டுமே சான்றாகா.

அதற்காக, கேள்விப்படாத எதையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. செவ்ரலேயின் விளையாட்டுக் காரான கார்வெட் தவிர்த்து, தன் நடுத்தர, சிறிய கார்களின் எஞ்சினுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 400 கன அங்குல வரம்பு விதித்திருந்த காலத்தில், செவ்ரலேயின் 1969 கமாரோவில் 427 கன அங்குல எஞ்சின் தொழிற்சாலையிலேயே ஏறியது. டாக்சி, காவல்துறை வண்டி போன்ற மொத்தக் கொள்முதல்களுக்காக இருந்த கோப்போ என்னும் சிறப்பு ஆணை முறைதான் அதற்கு வழி. முழு அலுமினிய இசட்.எல்.1 எஞ்சினோடு 69 கமாரோக்கள் தயாராயின. இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் ஊர் விற்பனையாளர் ஃப்ரெட் கிப் அவற்றில் 50 கார்களுக்கு ஆணை கொடுத்து, எஞ்சினுக்கு மட்டுமே நாலாயிரம் டாலருக்கு மேல் விலை ஏறியதால் பலவற்றை விற்க முடியாமல் திணறினார். வாடிக்கையாளர் கையேட்டில் இல்லாத கார்தான்; ஆனால் ஆணை எண் உண்டு, எஞ்சின் குறியீடு உண்டு, விற்பனையாளர் உண்டு. வதந்தியிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது இந்தத் தொடர்ச்சிதான்.

அந்தத் தொடர்ச்சியை இரும்பிலும் தேடலாம். செவ்ரலே வி8 எஞ்சினின் அடிப்படை உடலான பிளாக்கின் முன்பக்கத்தில், பயணி இருக்கும் பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், விரலகலத் தட்டையான திட்டு ஒன்று உண்டு. எஞ்சின் தொழிற்சாலையின் எழுத்து, பூட்டிய மாதமும் நாளும், எந்த வகைக் காருக்கான எஞ்சின் என்பதைச் சொல்லும் பயன்பாட்டுக் குறியீடு ஆகியவை அங்கே ஒரே அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் அடையாள எண்ணின் பகுதியோ கார் பூட்டும் கூடத்தில் தனியே பொறிக்கப்பட்டது. பொறித்த இடம் வேறு, கருவி வேறு என்பதால் இரு வரிசைகளும் அச்சு எடுத்தாற்போல் ஒரே உருவில் இருந்தால் ஐயம் எழ வேண்டும். அந்தத் திட்டில் முன்னிருந்து பின்னாக ஓடும் நுண்ணிய இணைகோடுகள் தொழிற்சாலை இயந்திரம் விட்டுச்சென்றவை. பிற்காலத்தில் பட்டறையில் மேற்பரப்பைச் சீவினால் அவை அழிந்துபோகும். எஞ்சினை நன்றாகப் புதுப்பிக்கச் சீவியவர்களும் உண்டு என்பதால் கோடு இல்லாததே மோசடிக்கு நிரூபணமல்ல. ஆனால் கோடு அழிந்த திட்டில் பளிச்சென்று எண்கள் மட்டும் இருந்தால் அவை பிற்பாடு அடித்தவை. பிளாக்கின் வார்ப்புத் தேதி முதலில், எஞ்சின் பூட்டிய தேதி அடுத்து, கார் தயாரான தேதி கடைசியில் வர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான கதைகளின் கால்கள் அங்கேயே மடங்கிவிடும்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் டேங்கின் மேலும் இருக்கை ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் கிடைக்கும், காரில் எவற்றைப் பொருத்த வேண்டும் என்று கூடத்துக்குச் சொன்ன தயாரிப்புத் தாள் நல்ல சான்று. வாரண்டிக்கெனத் தந்த உலோகத் தகடும் அப்படியே. இரண்டையும் புதிதாகச் செய்து விற்பவர்களும் இருப்பதால், தாளை யார், எப்போது, எந்தக் காரிலிருந்து எடுத்தார் என்பதையும் எழுதுங்கள்.

கண் பழகிய நிபுணரின் பார்வை போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். 1964 மார்ச்சில் கார் அண்ட் டிரைவர் இதழ் வியந்து பாராட்டிய போண்டியாக் ஜி.டி.ஓ.வில் விற்பனைக்குரிய 389 எஞ்சின் இல்லை, அதற்குப் பதில் 421 இருந்தது என்பதை, அந்தக் காரைத் தந்தவரும் போண்டியாக்கின் விளம்பரப் பணியில் இருந்தவருமான ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பவை. கார் புதிதாக இருந்தபோதே நிலைமை அப்படி.

விற்பனையாளரின் பட்டறையில் எஞ்சின் மாற்றிய கார்களைத் தாழ்த்திப் பேசுவது என் நோக்கமல்ல. நியூயார்க்கின் பால்ட்வின்-மோஷன் கூட்டணி செய்தவையும், செவ்ரலே விற்பனையாளர் யென்கோ 1967-இல் தன் பட்டறையில் 427 ஏற்றிய கமாரோக்களும் தமக்கென்று வரலாறு உடையவை. அவற்றை அப்படியே சொல்லி விற்றால் போதும். தொழிற்சாலை என்ற மேல்பூச்சு வேண்டாம்.

இனி நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு அரிய எஞ்சின் காருக்கும், பொறிப்புத் திட்டைப் பெயின்ட் நீக்கிப் பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்தையும், மேற்சொன்ன மூன்று தேதிகளையும், சோதித்தவர் பெயரோடு அவருக்குக் கட்டணம் கொடுத்தவர் விற்பவரா நீங்களா என்பதையும் தர வேண்டுகிறேன். திட்டைப் படமெடுக்க விற்பவர் மறுத்தால், மறுத்தார் என்ற செய்தியையே அந்தப் படத்திற்குரிய இடத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகன்