மாப்பிள்ளை விட்டுப்போன பெட்டி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சம்பாவில் களை எடுப்பு நடக்கிறது, மழை விட்டு விட்டுப் பெய்கிறது, அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது.

போன வாரம் போனில் நீ கேட்டது மனதிலேயே இருக்கிறது. "பெட்டியை இன்டர்நெட்டில் திறந்து விடும்மா, நான் இங்கிருந்தே போட்டோ எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்றாய். திறக்க மாட்டேன். காரணத்தை விவரமாக எழுதுகிறேன். அதோடு உன்னால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும், அதையும் கேட்கிறேன்.

முதலில் பெட்டியின் கதை. மாப்பிள்ளை ஹாம்பர்க் போகும்போது பரணில் போட்டுவிட்டுப் போனது சைனாலஜி டிஎஸ்213ஜே. மோடத்தோடு இணைத்து, வீட்டில் எல்லோரும் ஃபைல் சேமித்து எடுக்கிற டிஸ்க் பெட்டி. பெயரிலேயே விவரம் இருக்கிறது. 2 என்றால் இரண்டு டிஸ்க் போடலாம், 13 என்றால் 2013-ஆம் வருஷத்து மாடல், ஜே என்றால் விலை குறைந்த ரகம். மெமரி 512 எம்பி. என் போனில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சினிமா ஓட்ட நினைப்பவர்களுக்கு அது குறைதான். பட்டா, ரசீது, போட்டோ வைக்கிற எனக்குத் தாராளம்.

தூசி தட்டிக் கரண்ட் கொடுத்ததும் பீப் பீப் என்று ஓயாமல் கத்த ஆரம்பித்தது. அப்பா வாசலில் இருந்து "கேஸ் கசியுதா?" என்று கேட்டபடி ஓடி வந்தார். ஒரு டிஸ்க்கின் விளக்கு பச்சை, இன்னொன்று ஆரஞ்சு. ஆரஞ்சு காட்டினது போய்விட்டது, மற்றதில் விஷயம் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் உள்ளே நுழையப் பாஸ்வேர்டு வேண்டுமே, மாப்பிள்ளைக்கே அது மறந்துபோச்சு. பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டைக்குள் ரீசெட் பொத்தான் இருக்கிறது. சேஃப்டி பின்னை விட்டு நாலு விநாடி அழுத்தி, ஒரு பீப் கேட்டதும் விட்டுவிட வேண்டும். பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும்தான் பழைய நிலைக்குத் திரும்பும், டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருக்கும். விட்ட கையோடு மறுபடி அழுத்தினால் அது வேறு கதை, உள்ளே இருக்கிற சாஃப்ட்வேரையே புதிதாகப் போடச் சொல்லும். அதனால் ஒரே ஒரு பீப்போடு கையை எடுத்துவிட்டேன்.

இந்தப் பெட்டிக்கு வைஃபை கிடையாது. மோடத்தில் கேபிள் செருக வேண்டும். திரையும் கிடையாது, மோடத்தின் பக்கத்துக்குள் போய் என்னென்ன இணைந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்துத்தான் அதன் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முகவரி நாளைக்கு மாறிவிடும் என்பதால் 192.168.1.20 இந்தப் பெட்டிக்கே என்று மோடத்திலேயே ஒதுக்கி வைத்துவிட்டேன். இதைச் செய்யாதவர்கள்தான் "நேற்று வந்தது, இன்றைக்குக் காணோம்" என்று புலம்புவார்கள்.

அப்புறம் விண்டோஸ் முரண்டு பிடித்தது. பெட்டியில் இருந்த பழைய சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல் பகிர்ந்துகொள்கிற எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில்தான் பேசுகிறது. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த முறையை மைக்ரோசாஃப்ட் தானாகப் போட்டுத் தருவதில்லை. கம்ப்யூட்டர் பார்க்க வந்த பையன் "அதைத் திரும்ப ஆன் பண்ணிடலாம் டீச்சர், ஒரு டிக் தான்" என்றான். (நான் டீச்சர் இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினவள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு நான் டீச்சர்தான்.) வேண்டாம் என்றேன். 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் போட்டுப் பணம் கேட்டதே வான்னாக்ரை வைரஸ், அது புகுந்து பரவியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் வழியே போகாமல் பிரவுசரிலேயே பெட்டியைத் திறந்து, ஃபைல் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக இறக்கிக்கொண்டேன். உங்கள் கல்யாணப் போட்டோ மொத்தமும் வந்துவிட்டது. பந்தியில் பெரிய மாமா இரண்டாவது தடவை பாயசத்துக்கு இலையைத் தட்டுகிற படம் உட்பட.

பழைய டிஸ்க்கை இனி நம்ப முடியாது. தஞ்சாவூரில் புதிதாக இரண்டு 2 டிபி டிஸ்க் வாங்கினேன். "எஸ்எம்ஆர் வேண்டாம், சிஎம்ஆர் கொடுங்க" என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து என் புடவையைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் வேறு டிஸ்க் எடுத்துவந்தார். சிஎம்ஆர் ரகத்தில் டிஸ்க்கின் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் ரகத்தில் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறின மாதிரி எழுதுவதால், ஒரு டிஸ்க் போய் இன்னொன்றிலிருந்து மொத்தத்தையும் திரும்ப எழுதும்போது இழுவையாய் இழுக்கும். புது டிஸ்க் போட்டால் சாஃப்ட்வேரும் புதிதாகப் போட வேண்டும். அது பெட்டிக்குள் இல்லை, டிஸ்க்கில்தான் இருக்கிறது. இந்த மாடலுக்கு 7.1-க்கு மேல் பதிப்பு வராது. இதை நினைவில் வை, பின்னால் இதற்கு வருகிறேன். போட்டு முடித்ததும் எஸ்எம்பி 2-க்குக் கீழே பேசக் கூடாது என்று குறித்துவிட்டேன். விண்டோஸ் இப்போது வாயைத் திறக்காமல் சேர்ந்துகொள்கிறது.

2 டிபி என்று வாங்கினால் கம்ப்யூட்டர் 1.8 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், கம்ப்யூட்டர் 1024-ஆகப் பெருக்குகிறது. இரண்டு டிஸ்க் போட்டும் இடம் ஒன்றுக்குத்தான். இரண்டிலும் ஒன்றையே எழுதும் ரெய்ட் 1 முறையில் வைத்திருக்கிறேன்.

இங்கேதான் நீயும் மாப்பிள்ளையும் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். "ரெண்டு டிஸ்க் இருக்கே, பேக்கப் ஆச்சே" என்றாய். ஆகவில்லை. சங்கத்தில் கார்பன் தாள் வைத்து ரசீது எழுதுவோம். மேலே 500-க்குப் பதில் 5000 என்று எழுதினால் கீழேயும் 5000 தான் விழும். ஒரு தாள் கிழிந்தால் மற்றது இருக்கும், அந்த மட்டுக்கும் லாபம். இந்த இரண்டு டிஸ்க்கும் அப்படித்தான். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். நான் ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். அதற்காக ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ரீசைக்கிள் பின்னைப் போட்டு வைத்திருக்கிறேன். இடி இறங்கினால், வெள்ளம் வந்தால், திருடன் தூக்கிக்கொண்டு போனால் அதுவும் உதவாது. இரண்டும் ஒரே தகரத்துக்குள்தானே இருக்கிறது.

கஜா புயல் வந்தபோது நீ சென்னையில் இருந்தாய். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறி, நம் திருத்துறைப்பூண்டிப் பக்கமெல்லாம் தென்னையையும் கம்பத்தையும் சாய்த்துவிட்டுப் போனது. பின்கட்டு ஓடு பறந்து, மர பீரோவில் மேல் தட்டு முழுக்க நனைந்தது. தாத்தாவின் நோட்டுகள் அங்கேதான் இருந்தன. ஒவ்வொரு வருஷமும் மேட்டூர் திறந்த தேதி, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த தேதி, எந்த வயலில் என்ன விதை, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை என்று ஊதா மையில் எழுதி வைத்தவர் அவர். ஏடு ஏடாகப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன், கரண்ட் திரும்ப வந்த பிறகு. அதற்குள் பல பக்கம் ஊதா நிறமாகவே ஆகிவிட்டது. மிச்சம் இருப்பதை 300 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணிப் பெட்டியில் ஏற்றியிருக்கிறேன். இதற்காகத்தான் பரணில் ஏறினேன், உங்கள் கல்யாணப் போட்டோவுக்காக இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

சங்கத்துக் காலத்தில் நான் டைப் அடித்தவை கொஞ்சம் இருக்கின்றன. எல்லாம் பாமினி, வானவில் எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் குறியுமாகத் தெரியும். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவையும் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். பிற்காலத்தில் யாராவது திறந்து, கெட்டுப்போன ஃபைல் என்று அழித்துவிடக் கூடாது.

சரி, இன்டர்நெட் விஷயத்துக்கு வருகிறேன். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்று இதே மாதிரி ஒரு வீட்டுப் பெட்டி. 2015-க்குப் பிறகு அதற்கு அப்டேட் கிடையாது. 2021 ஜூன் மாதம் பல நாடுகளில் அதை வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. யாரோ வெளியே இருந்துகொண்டே, புதிதாக வாங்கின நிலைக்குத் திருப்பு என்று கட்டளை கொடுத்திருக்கிறார்கள். முதலில் இன்டர்நெட்டிலிருந்து கழற்றுங்கள் என்றுதான் கம்பெனியே சொன்னது. நம் பெட்டிக்கும் 7.1-க்கு மேல் வராது என்றேனே. நாளைக்கு ஒரு ஓட்டை கண்டுபிடித்தால் இந்தப் பெட்டிக்காக அடைத்துக் கொடுக்க ஆள் இருக்காது. வீட்டுக்குள் மட்டும் இருக்கிறவரை பழையது என்பது ஒரு குற்றமில்லை. வாசலைத் திறந்து வைத்தால்தான் வம்பு. அதனால் வெளியிலிருந்து உள்ளே வருகிற வாசலான போர்ட் எதையும் மோடத்தில் திறக்கவில்லை, அதைத் தானாகத் திறக்கிற யூபிஎன்பி-யையும் அணைத்துவிட்டேன், வெளியிலிருந்து பெட்டிக்குள் வரச் சைனாலஜி தருகிற குவிக்கனெக்ட்டும் ஆன் பண்ணவில்லை. வெளியிலிருந்து பாதுகாப்பாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வருகிற வழி, விபிஎன் என்று மாப்பிள்ளை ஏதோ சொன்னாராமே, அடுத்த முறை வரும்போது நல்ல ரூட்டர் ஒன்று வாங்கிவந்து அதில் போட்டுக் கொடுக்கட்டும். அதுவரைக்கும் உனக்கு எந்தப் படம் வேண்டுமோ சொல், நான் அனுப்புகிறேன்.

இப்போது என் பங்குக்கு ஒரு வேலை. மொத்தத்தையும் யூஎஸ்பி டிஸ்க் இரண்டில் தனித்தனியாக நகல் எடுத்திருக்கிறேன். விண்டோஸ் லேப்டாப் எதில் செருகினாலும் சாதாரண ஃபைலாகத் திறக்கும், பெட்டியே இல்லாமல் போனாலும் கவலையில்லை. ஒன்று இங்கே இரும்பு பீரோவில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள். இன்னொன்று உனக்கு. சின்ன மாமா மகன் தை மாதம் அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம் வாய்க்கால் பெருகினாலும், புயல் அடித்தாலும் ஹாம்பர்க்கில் இருப்பது நனையாது. வாங்கி அலமாரியில் போட்டுவிடாதே. செருகி, தாத்தா ஃபோல்டரில் நடுவில் ஏதாவது நாலு பக்கத்தையும், உன் கல்யாணத்தில் பத்துப் படத்தையும் திறந்து பார்த்துவிட்டு, திறந்தது என்று எனக்குச் சொல். திறந்து பார்க்காத நகலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நீ ஊருக்கு வரும்போது அதை எடுத்து வந்தால் புதியதைக் கொடுத்து அனுப்புவேன், மாற்றி மாற்றி ஓடட்டும்.

பேத்தி படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. அது சுருக்கி அனுப்புகிறது, பெரிதாக்கினால் முகம் தெரியவில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பு, இல்லையென்றால் வரும்போது போனோடு கொண்டு வா, கேபிள் போட்டு எடுத்துக்கொள்கிறேன்.

இடி மின்னல் வந்தால் கரண்ட் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்ற அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அந்த வழியாகவும் மின்னல் உள்ளே வரும். யூபிஎஸ் ஒன்று வைத்து யூஎஸ்பி கேபிளால் பெட்டியோடு இணைத்தாகிவிட்டது. கரண்ட் போய் யூபிஎஸ் சார்ஜும் இறங்கிவிட்டால் பெட்டி எழுதுவதை நிறுத்திப் பத்திரமாக ஒதுங்கிக்கொள்ளும். இன்வெர்ட்டர் இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று அப்பா கேட்டார். கரண்ட் இல்லை என்று இன்வெர்ட்டர் பெட்டியிடம் சொல்லாது, இது சொல்லும்.

மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டுச் சொல். அவருடைய பழைய டிஸ்க்கில் "நியூ ஃபோல்டர்", அதற்குள் "நியூ ஃபோல்டர் 2", அதற்குள் "ஃபைனல்", அதற்குள் "ஃபைனல் ஒரிஜினல்" என்று இருக்கிறது. 140 ஜிபி. நான் திறந்து பார்க்கவில்லை. வேண்டுமா, அழிக்கலாமா?

அன்புடன்,
அம்மா